நனையாத தாளும் ஈரம் குடிக்கும்

ஆனி, ஆடியில் செங்கோட்டை, தென்காசிப் பக்கம் எந்த அச்சகத்திலும் ஜெராக்ஸ் கடையிலும் இந்தப் புலம்பல் காதில் விழும்: "நல்ல மில் பேப்பர்தான் அண்ணாச்சி. மேல தண்ணி தெளிச்சா உருண்டு ஓடுது. ஆனா மெஷின்ல வச்சா ஓரம் அலையடிக்கு, ரெண்டு ரெண்டா இழுக்கு."

புலம்பலில் தப்பில்லை. தண்ணீர் தெளித்துப் பார்த்து வாங்கியதுதான் தப்பு. தண்ணீருக்கு அசையாத தாள் ஈரக்காற்றுக்கும் அசையாது என்று நினைத்துக்கொள்கிறோம். சொட்டு ஒரு வழியாகத் தாளுக்குள் போகிறது, ஆவி வேறு வழியாகப் போகிறது. முதல் வழியை ஆலையிலேயே அடைத்துவிடுகிறார்கள். இரண்டாவதை அடைப்பார் யாருமில்லை. ஆரியங்காவுக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று நுழைந்து சாரலைத் தூவிவிட்டுப் போகிற இந்த ஊர்களில், காகிதத்தோடு புழங்குகிறவர்களுக்கு இந்த வேறுபாடு தெரிந்திருப்பது நல்லது.

ஜெராக்ஸ் தாள் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 80 ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு 80 கிராம்; தடிமன் சுமார் 0.1 மி.மீ. கணக்குப் போட்டால் அடர்த்தி கன செ.மீ.க்கு 0.8 கிராம். நாரின் மூலப்பொருளான செல்லுலோஸின் அடர்த்தியோ 1.5. அப்படியானால் கெட்டியாகத் தெரிகிற அந்தத் தாளில் ஏறக்குறைய பாதி வெறும் காற்று. நார்கள் குறுக்கும் நெடுக்குமாகப் படுத்திருக்க, நடுவில் கண்ணுக்குத் தெரியாத சந்துகள். டிஷ்யூ பேப்பரில் பத்தில் ஒன்பது பங்கு காற்று. பட்டர் பேப்பரில் சந்தே மிகக் குறைவு. எந்தத் தாள் எவ்வளவு தண்ணீர் கொள்ளும் என்பதில் பாதிக் கதை இந்தச் சந்துக் கணக்கிலேயே முடிந்துவிடும்.

மீதிக் கதை நாரில் இருக்கிறது. செல்லுலோஸ் மூலக்கூறு முழுக்க ஹைட்ராக்சில் கைகள், அதாவது ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த கொக்கிகள். தண்ணீர் மூலக்கூறைக் கண்டால் அவை விடாது. ஈரம் நாரின் சுவருக்குள் புகுந்ததும் நார் உப்புகிறது. நீளத்தில் ஒன்றிரண்டு விழுக்காடு நீண்டால் அதிகம்; பருமனில் 15, 20 விழுக்காடு வரை போகும். இதை நினைவில் வையுங்கள், அச்சகத்துத் தலைவலியெல்லாம் இங்கிருந்துதான் தொடங்குகிறது. தாளை ஒன்றாகப் பிடித்து வைத்திருப்பதும் இதே கைகள்தான். கூழ் காயும்போது நாரும் நாரும் நெருங்கி, ஹைட்ரஜன் பிணைப்பால் ஒட்டிக்கொள்கின்றன, பசை தேவையில்லை. தண்ணீர் வந்து நடுவில் புகுந்தால் பிடி விட்டுப்போகிறது. சாதாரணத் தாள் முழுக்க நனைந்தால் அதன் பலத்தில் பத்தில் ஒரு பங்கு மிஞ்சினாலே பெரிது.

சந்து வழியாகத் தண்ணீர் ஏறுவதை வீட்டிலேயே பார்க்கலாம். பிளாட்டிங் பேப்பர் (மை ஒற்றும் தாள்), செய்தித்தாள், ஜெராக்ஸ் தாள், பழுப்புக் கிராஃப்ட், பட்டர் பேப்பர் என்று கிடைப்பதில் எல்லாம் 15 மி.மீ. அகலம், 20 செ.மீ. நீளத்துக்குப் பட்டை வெட்டுங்கள். பென்சிலால் நுனியிலிருந்து 1 செ.மீ.இல் ஒரு கோடு. ஒரு குச்சியில் கிளிப் போட்டு வரிசையாகத் தொங்கவிட்டு, கோடு வரை தண்ணீரில் முங்கும்படி தட்டை வையுங்கள். பத்து நிமிடம் கழித்து ஈரம் எதுவரை ஏறியிருக்கிறது என்று ஸ்கேலால் அளக்க வேண்டும். ஆலைச் சோதனைக்கூடத்தில் கிளெம் சோதனை என்று செய்வதும் இவ்வளவுதான். பிளாட்டிங் பேப்பரில் பல செ.மீ. ஏறும். செய்தித்தாளில் அதைவிடக் குறைவு. ஜெராக்ஸ் தாளில் கோட்டுக்கு மேல் அசைவே தெரியாது. பட்டர் பேப்பர் ஏற்றாது, ஆனால் முங்கிய நுனி சுருண்டு நெளிந்து கிடக்கும்.

சும்மா இருக்காமல் நிமிடத்துக்கு ஒருமுறை பிளாட்டிங் பேப்பரில் குறித்துக்கொண்டு வந்தால் இன்னொன்றும் தெரியும். முதல் நிமிடத்தில் ஏறிய உயரத்தைப்போல் இரண்டு மடங்கு ஏற, இரண்டு நிமிடம் போதாது. நான்கு நிமிடம் ஆகும். மூன்று மடங்குக்கு ஒன்பது நிமிடம். தூரம் நேரத்தின் வர்க்கமூலத்தைப் பின்பற்றுகிறது. லூக்காஸ் 1918இலும் வாஷ்பர்ன் 1921இலும் எழுதிவைத்த சமன்பாடு இது. மேலே போகப் போக, ஏறி வந்த சந்து முழுவதும் தண்ணீரை இழுக்க விடாமல் உராய்வு பிடித்துக்கொள்கிறது, அதனால் வேகம் குறைகிறது. நார் உப்பிச் சந்தை அடைப்பதும், நடுவழியில் ஆவியாவதும் சேர்ந்தால் உங்கள் கணக்கு இன்னும் கொஞ்சம் பின்தங்கும். ஆனாலும் போக்கு இதுதான்.

ஜெராக்ஸ் தாளிலும் பாதிக்குப் பாதி சந்துதானே, அது ஏன் ஏற்றவில்லை? அதற்குக் காரணம் சைசிங். கூழிலேயே தண்ணீரை வெறுக்கும் ஒரு மெழுகுத்தன்மையைச் சேர்த்துவிடுகிறார்கள். சந்தின் சுவர் தண்ணீரைத் தள்ளினால் அது உள்ளே இழுபடாது, சொட்டாகவே மேலே நிற்கும். 1807இல் ஜெர்மனியில் இல்லிக் என்பவர் பைன் மரத்துப் பிசினான ரோசினையும் ஆலம் என்கிற படிகார வகை உப்பையும் கூழில் கலக்கும் முறையை வெளியிட்டார். நூற்றைம்பது ஆண்டு உலகம் அதில்தான் ஓடியது. ஆலம் அமிலத்தன்மை உள்ளது, அதனால்தான் அந்தக் காலத்துப் புத்தகங்கள் பழுத்து, மடித்த இடத்தில் பொடிகின்றன. இப்போது ஏகேடி எனப்படும் செயற்கை மெழுகு. ஒரு டன் காகிதத்துக்கு ஒன்றிரண்டு கிலோ போதும். இது அமிலம் கேட்பதில்லை, ஆகவே விலை குறைந்த கால்சியம் கார்பனேட்டை நிரப்பியாகப் போட முடிகிறது. தாளும் வெளுப்பாக வருகிறது. புகளூரில் கரும்புச் சக்கையிலிருந்து தாள் செய்தாலும் சரி, வேறிடத்தில் யூக்கலிப்டஸில் செய்தாலும் சரி, எழுதவும் அச்சடிக்கவும் போகிற தாளுக்குச் சைசிங் இல்லாமல் ஆகாது. ஏகேடிக்கு ஒரு குணம்: இயந்திரத்தை விட்டு இறங்கியதும் முழு வேலையைக் காட்டாது, பிடிக்கச் சில மணி நேரமோ ஒரு நாளோ எடுக்கும். சுடச்சுட வந்த ரீலைச் சோதித்துவிட்டு ஆலையைத் திட்டுவது நியாயமில்லை.

சைசிங் எவ்வளவு என்று அளக்க காப் சோதனை. 100 சதுர செ.மீ. வளையத்தைத் தாள்மேல் இறுக்கி, 100 மி.லி. தண்ணீர் ஊற்றி, ஒரு நிமிடக் கணக்கில் அதைக் கொட்டிவிட்டு, தாளை ஒற்றி எடுத்து எடை போடுகிறார்கள். நல்ல ஜெராக்ஸ் தாளுக்குச் சதுர மீட்டருக்கு 20 முதல் 30 கிராம் வரும். 25 என்று வைத்தால், ஒரு ஏ4 தாள் ஒரு பக்கமாக ஒரு நிமிடத்தில் ஒன்றரை கிராம் குடிக்கும். அதாவது நல்ல சைசிங்கும் தண்ணீரைத் தாமதப்படுத்துகிறதே ஒழிய, நிறுத்துவதில்லை.

வீட்டுக்கு வளையமும் தராசும் வேண்டாம். ஃபவுண்டன் பேனாவால் இரண்டு கோட்டைக் குறுக்காகப் போடுங்கள். வெட்டும் இடத்தில் மை மீசை மீசையாகப் பரவினால் சைசிங் போதாது. பின்பக்கம் தெரிந்தால் மோசம். ரெக்கார்ட் நோட்டு வாங்கும்போது ஜிஎஸ்எம் எண்ணைப் பார்ப்பதைவிட இதைப் பார்ப்பது மேல். எடை கூடிய தாளும் ஊறும்.

இனி அன்றாடம் கையில் படுகிற தாள்களுக்கு வருவோம். ஓட்டலில் கை துடைக்க வைக்கிற சதுரத் தாள் ஒன்றுண்டு. ஒரு பக்கம் பளபளப்பு, மடித்தால் சரசரவென்று சத்தம். எத்தனை எடுத்தாலும் கை காயாது. அது மெல்லிசாக இருப்பதால் மட்டும் அல்ல. சூடான பளபள உருளையில் ஒட்டவைத்துக் காயவைத்ததால் சந்துகள் நசுங்கியிருக்கின்றன. அதே எடையுள்ள டிஷ்யூவை உருளையிலிருந்து கத்தியால் சுரண்டி எடுக்கிறார்கள்; அந்தச் சுரண்டலில் தாள் பொடிப்பொடியாக மடிந்து உப்பிக்கொள்கிறது, காற்றுக்கு இடம் கிடைக்கிறது. துடைக்க அச்சடிக்காத வெள்ளைச் செய்தித்தாளை நறுக்கி வைக்கிற பழைய ஓட்டல்காரர் விவரமானவர். செய்தித்தாள் இயந்திரத்தில் அரைத்த கூழில் ஆனது, 45 ஜிஎஸ்எம் சுற்றளவில் இருக்கும், சைசிங் மிகக் குறைவு அல்லது இல்லவே இல்லை. எண்ணெய் மை உடனே உள்ளே இறங்கினால்தானே வேகமாக அச்சடிக்க முடியும்? அதே குணத்தால் பஜ்ஜி எண்ணெயையும் இழுக்கும். அச்சடித்த செய்தித்தாளில் பஜ்ஜி மடிப்பதை மட்டும் விடுங்கள். மை சாப்பாட்டில் ஏறும் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016லேயே எச்சரித்திருக்கிறது.

கிச்சன் டவல் ரோல் இன்னொரு சாமர்த்தியம். தண்ணீரைக் குடிக்கவும் வேண்டும், குடித்தபின் கையோடு கரைந்து வரவும் கூடாது. அதற்கு ஈரப்பிடிப்புப் பிசின் சேர்க்கிறார்கள். அது சந்தை அடைக்காது, நாருக்கு நார் தண்ணீர் அவிழ்க்க முடியாத முடிச்சுப் போடுகிறது, அவ்வளவே. தேயிலைப் பைக்கும் இதே கதை. அங்கே நீண்ட மணிலா வாழை நாரையும் சேர்த்துக்கொள்கிறார்கள். உறிஞ்சுவது ஒரு குணம், நனைந்தும் கிழியாமல் இருப்பது வேறொரு குணம். சட்டைப் பையில் துவைத்த பத்து ரூபாய் நோட்டு பிழைத்து வருவதும் இதனால்தான்: அது நீண்ட பருத்தி நார்த் தாள். அதே பையில், ஆரியங்காவில் வாங்கிய கேரள லாட்டரிச் சீட்டு இருந்திருந்தால் கூழாகியிருக்கும்.

பட்டர் பேப்பர் நேர் எதிர். கூழை மணிக்கணக்கில் அடித்து, நாரைப் பிரித்துப் பிசுபிசுப்பாக்கிவிடுகிறார்கள். காய்ந்தால் சந்தே இல்லாமல் ஒட்டிக்கொள்ளும். எண்ணெய்க்குச் சந்து வேண்டும். சந்து இல்லையென்றால் எண்ணெய் வெளியே நிற்கிறது. தண்ணீருக்குச் சந்து தேவையில்லை, நாருக்குள்ளேயே போய்விடும். எண்ணெய்க்கு மதில்போல் நிற்கிற பட்டர் பேப்பர் ஈரக் கை பட்டதும் நெளிவதற்கு இதுவே காரணம். பிளான் வரைகிற டிரேசிங் பேப்பருக்கும் அதே பலவீனம்.

இப்போது ஆவிக்கு வருவோம்.

சைசிங் சந்தின் வாசலில் சொட்டைத் தடுக்கிறது. ஆவி ஒற்றை ஒற்றை மூலக்கூறாக வருவது. அதைத் தடுக்க அங்கே யாருமில்லை. நேராக உள்ளே போய் நாரின் கைகளைப் பிடித்துக்கொள்ளும். ஏகேடி இரண்டு மடங்கு போட்டாலும் காற்றின் ஈரத்துக்கேற்பத் தாள் தன் ஈரத்தைச் சரிசெய்தே தீரும். காற்றின் ஈரப்பதம் 50 விழுக்காடாக இருக்கும்போது தாளில் 5, 6 விழுக்காடு தண்ணீர். சாரல் நாளில் காற்று 80ஐத் தாண்டினால் தாளில் 10ஐ நெருங்கும். 80 ஜிஎஸ்எம் ஏ4 ஒரு ரீம் (500 தாள்) இரண்டரைக் கிலோ. அதில் 5 விழுக்காடு என்றால் 125 கிராம் தண்ணீர் ஏற்கெனவே இருக்கிறது. 10 ஆனால் இன்னும் சுமார் 140 கிராம் ஏறும். கையில் தொட்டால் ஈரமே தெரியாத அந்த ரீமுக்குள் முக்கால் டம்ளர் தண்ணீர் புதிதாக வந்து உட்கார்ந்திருக்கிறது.

இதில் இன்னொரு வம்பு: ஏறிய ஈரம் அதே வழியில் இறங்காது. 80க்குப் போய்விட்டு 60க்குத் திரும்பிய தாள், 40இலிருந்து 60க்கு ஏறிய தாளைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே ஈரம் வைத்திருக்கும். "நேத்தே வெயில் வந்திருச்சே, இன்னும் ஏன் மக்கர் பண்ணுது" என்பதற்கு விடை இதுதான்.

ஓரம் அலையடிப்பது ஏன்? பிரித்து வைத்த கட்டில் ஓரங்கள் மட்டும் காற்றைப் பார்க்கின்றன. அவை ஈரம் குடித்து நீளுகின்றன. நடு அப்படியே இருக்கிறது. நீண்ட ஓரத்துக்குப் போக இடமில்லை, அலையாக எழும்புகிறது. பங்குனி, சித்திரையில் ஏசி அறையில் இதற்கு நேர்மாறு: ஓரம் காய்ந்து சுருங்கி, நடு தொப்பையாக எழும்பும்.

எந்தப் பக்கம் நீளும் என்பதற்கும் விதி உண்டு. தாள் இயந்திரத்தில் ஓடும்போது நார்கள் ஓடும் திசையில் அதிகம் படுக்கின்றன. நார் பருமனில்தான் உப்பும் என்று முன்பே பார்த்தோம். ஆகவே தாள் குறுக்கே இரண்டு மூன்று மடங்கு அதிகமாக நீளும். 20×30 அங்குலத் தாளில் 30 அங்குலப் பக்கம் 0.1 விழுக்காடு நீண்டாலே முக்கால் மி.மீ. நாலு கலர் ஆஃப்செட்டில் 0.1 மி.மீ. விலகினாலே கண்ணில் படும். மஞ்சள் அடித்துவிட்டு மறுநாள் நீலம் அடிக்கிற ஒற்றைக் கலர் மெஷின்காரர் ஆடியில் அடிக்கிற கல்யாணமண்டப போஸ்டரில் மணமக்கள் முகத்துக்கு இரண்டு வெளிக்கோடு விழுவதை இப்படித்தான் சம்பாதிக்கிறார்.

நார்த்திசை கண்டுபிடிக்க, தாளில் 5 செ.மீ. சதுரம் வெட்டி ஒரு பக்கம் மட்டும் ஈரத் துணியால் தடவுங்கள். நனைந்த பக்கம் குறுக்கே உப்பி, காய்ந்த பக்கத்தை உள்ளே வைத்துக் குழாயாகச் சுருளும். குழாயின் நீளவாக்கு எதுவோ அதுதான் நார்த்திசை. சதுரமாக வெட்டுவது முக்கியம். நீளச் செவ்வகம் வெட்டினால் வடிவம் ஏமாற்றும். எந்த மூலையிலிருந்து எடுத்தது என்று அம்புக்குறி போட்டு வெட்டுங்கள், பிறகு திசை மறந்துபோகும். புத்தகத்துக்கு நார்த்திசை முதுகுக்கு இணையாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பசை வைத்ததும் முதுகோரம் அலையடிக்கும், எந்தப் பைண்டராலும் அதைச் சரிசெய்ய முடியாது.

செய்ய வேண்டியது கொஞ்சம்தான், ஆனால் நாள் தவறாமல் செய்ய வேண்டும். கட்டுகளை மரச்சட்டம் போட்டுத் தரையிலிருந்து நாலு அங்குலம் உயர்த்தி, சுவரிலிருந்து தள்ளி வைக்கவும். ரேப்பரை வேலைக்கு முன்பு மட்டும் பிரிக்கவும். ரீம் ரேப்பரின் உட்பக்கம் பிளாஸ்டிக் படலம் இருப்பது அலங்காரத்துக்கு இல்லை. மிச்சத் தாளை அதே ரேப்பரில் மடித்து டேப் ஒட்டவும். 22 டிகிரி ஏசி அறையிலிருந்த கட்டை 27 டிகிரி, 85 விழுக்காடு ஈரமுள்ள அறைக்குக் கொண்டுவந்து உடனே பிரித்தால் தாள்மேல் வியர்வையே பூக்கும், ஏனென்றால் அந்தக் காற்று 24 டிகிரியிலேயே நீராகத் தொடங்கிவிடும். பிரிக்காமல் ஒரு நாள் கிடக்கட்டும்.

ஜெராக்ஸ் கடைக்கு அலமாரி பல்பு போதும். பழைய 40 வாட் குண்டு பல்பு ஒன்றை மூடிய அலமாரியின் அடித்தட்டில், தாளிலிருந்து ஓரடி தள்ளி, கம்பிக்கூண்டுக்குள் பொருத்தி விடுங்கள். 25 டிகிரி, 90 விழுக்காடு ஈரமுள்ள காற்றை 30 டிகிரிக்குச் சூடாக்கினால் ஈரப்பதம் 67ஆக இறங்கும். 32க்குப் போனால் 60. தண்ணீர் ஒரு சொட்டும் குறையவில்லை, காற்றின் கொள்ளளவு கூடியிருக்கிறது. எல்இடி பல்பு போட்டுவிட்டு வேலை செய்யவில்லை என்று சொல்லக் கூடாது. அதில் சூடு போதாது. சிலிக்கா ஜெல் பொட்டலம் கேமரா பெட்டிக்குச் சரி, ஐந்து ரீமுக்கு நடுவில் அது காணாமல் போய்விடும்.

புளியரை வழியாகக் கேரளாவுக்குச் சரக்கு அனுப்புகிறவர்களுக்கு அட்டைப்பெட்டிக் கணக்கும் இதுதான். மழையில் நனையாமல் தார்ப்பாய் போட்டாயிற்று என்று நிம்மதியாக இருந்தால் போதாது. ஈரப்பதம் 50இலிருந்து 90க்குப் போனால் பெட்டியின் அழுத்தம் தாங்கும் பலம் பாதியாகவோ அதற்கும் கீழாகவோ இறங்கும், ஒரு சொட்டுத் தண்ணீர் படாமலே. சித்திரையில் எட்டு அடுக்கு தாங்கிய பெட்டியை ஆடியில் புனலூர், கொல்லம் கிடங்குகளில் எட்டு அடுக்கு வைக்காதீர்கள். மூலைக்கு மூலை நேராக வரும்படி அடுக்குங்கள். பெட்டியின் பலம் நான்கு மூலையில்தான் இருக்கிறது. செங்கல் கட்டுவதுபோல் மாற்றி மாற்றி வைத்தால் மேல்பெட்டியின் மூலை கீழ்ப்பெட்டியின் நடுவில் ஏறி அமுங்கும்.

கடைசியாக, நனைந்தே போனவை. பத்திரமோ சான்றிதழோ நனைந்தால் இஸ்திரிப் பெட்டியை எடுக்காதீர்கள். அலை அப்படியே படிந்துவிடும். லேசர் பிரிண்டாக இருந்தால் டோனர் உருகி ஒட்டும். இங்க்ஜெட் பிரிண்டாக இருந்தால் துடைக்கவே கூடாது, சாய மை கரைந்து ஓடும். நனைந்த தாளைத் தனியாகத் தூக்கினால் கிழியும், கீழே பிளாஸ்டிக் தாள் கொடுத்துத் தூக்கவும். இரண்டு பிளாட்டிங் பேப்பர் அல்லது அச்சடிக்காத செய்தித்தாளுக்கு நடுவில் வைத்து, மேலே சமமான பலகையும் சுமையும். முதல் நாள் மணிக்கொருமுறை ஒற்றும் தாளை மாற்றுங்கள். இரண்டு நாளுக்குள் காயாவிட்டால் இந்த ஊர் ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும்.

கல்யாண ஆல்பம், பளபள ஆர்ட் பேப்பர் புத்தகம் நனைந்தால் அவசரம் இன்னும் அதிகம். ஆர்ட் பேப்பரின் மேல்பூச்சில் களிமண்ணும் கார்பனேட்டும் பிடிமானப் பசையும் இருக்கின்றன. ஈரத்தில் பசை இளகி, பக்கமும் பக்கமும் ஒட்டி, மூடியபடி காய்ந்தால் ஒரே கட்டையாகிவிடும்; பிறகு பிரிக்க வழியில்லை. ஈரமாக இருக்கும்போதே ஒவ்வொரு பக்கத்துக்கும் நடுவில் பட்டர் பேப்பர் அல்லது பிளாஸ்டிக் தாள் செருகுங்கள். அன்றைக்கு அதற்கு நேரமில்லையென்றால் பாலிதீன் பையில் போட்டு ஃபிரீசரில் வைத்துவிட்டு, வெயில் வந்தபிறகு கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துப் பிரியுங்கள்.